ஐந்தாவது ஜாடிக்குச் செய்த மரியாதை

அத்-பாஷி
20 செப்டம்பர் 2017

என் அக்கா மகள் பூருலுக்கு,

நான் சொல்லப்போகிற கதையை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. தொப்பியை நேராக வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இதை முதலிலேயே அறிவித்துவிடுகிறேன். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

"போன வருஷம் என் ஆராய்ச்சிக்கு அரைத்துக் கொடுத்த ஐந்து ஜாடிப் பொன்வேர் மூலிகைப் பொடியை எப்படி அரைத்தீர்கள்? நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். நடந்ததை நடந்தபடி எழுத எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இருந்தாலும் முயல்கிறேன்.

பழைய சலவை இயந்திரத்தின் உருளையும், டிராக்டர் பேரிங்கிலிருந்து பிடுங்கிய இரும்புக் குண்டுகள் முந்நூறும்தான் என் அரைவை ஆலை என்பது உனக்குத் தெரியும். முதல் ஜாடி ரவை மாதிரி கொரகொரவென்று வந்தது. இரண்டாவது மணல். மூன்றாவது மாவு. நாலாவது, பெண்கள் முகத்துக்குப் போடுவார்களே, அந்தப் பவுடர். ஐந்தாவதை மூன்று நாள் உருட்டி, பட்டுத்துணியில் சலித்தேன். மூடியைத் திறந்தால் பொடி கீழே விழ மறுத்துவிட்டது! அரை மணி நேரம் காற்றிலேயே நின்று யோசித்தது. அந்தப் பக்கமாக வந்த தபால்காரர் துஷேன் ஒரு தும்மல் போட்டார். தும்மி முடிப்பதற்குள் அவர் வழுக்கையில் விரற்கடை உயரத்துக்கு முடி. பக்கத்து வீட்டுக் கிழட்டு நாய்க்குப் பால் பல் முளைத்தது.

உன் மாமி சூரா சொல்கிறாள்: "அந்தத் தூசி இன்னும் என் அடுப்பு பூரா படிஞ்சு கிடக்கு. துடைக்க வக்கில்ல, பிள்ளைக்குக் கதை எழுதுறாரு!"

பொடி நைசாக நைசாகச் சத்து ஏறுகிறது என்று நீ நிரூபித்தாய். வசந்தத்தில் பட்டம் வாங்கினாய். நான் ஆடு அறுத்து ஊருக்கே போட்டேன். இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

உன் மாமா,
கெரிம்குல்


பிஷ்கெக்
26 செப்டம்பர் 2017

மாமா,

சிரித்தேன். சிரித்த பிறகு என் மேலேயே எரிச்சல் வந்தது. போனில் கேட்காமல் எழுதிக் கேட்டதற்குக் காரணமே இதுதான். போனில் நீங்கள் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள், நான் கேட்க வந்ததை மறந்துவிடுவேன்.

விஷயம் இது. அல்மாத்தியில் ஒரு ஆய்வகம் என் வேலையைத் திரும்பச் செய்து பார்த்தது. அவர்கள் ஒரே மூட்டைப் பொன்வேரைக் கலந்து, ஐந்தாகப் பிரித்து, நான் எழுதிய அதே ஐந்து அளவில் அரைத்தார்கள். பொடியின் சாற்றை ஊதா நிறக் கரைசலில் விடுவோம், ஞாபகம் இருக்கிறதா? ஊதா எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு சத்து. உடம்பு துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் சத்து என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அவர்களுக்கு நாலாவது அளவு வரைக்கும் சத்து ஏறியது. ஐந்தாவதில் இறங்கிவிட்டது. அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது. அவ்வளவு நேரம் உருட்டினால் உருளை சூடாகிறது. தூள் சிறியதாக ஆக அதன் மேல் காற்று படும் இடமும் கூடுகிறது. சாறு சுலபமாக இறங்கும், உண்மைதான். ஆனால் இறங்குவதற்கு முன்பே பாதிச் சத்து காற்றோடு போய்விடுகிறது.

என் எண்களோ ஏணிப்படி மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஐந்தாவதுதான் உச்சி. எங்கள் துறைத் தலைவி ரைசா பாவ்லோவ்னா அந்தத் தாளைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா யாருக்கும் வராதேம்மா" என்றார். அது பாராட்டு இல்லை. மேஜையில் உட்கார்ந்து நானே எண்களை எழுதிவிட்டேன் என்று பேசிக்கொள்கிறார்கள்.

நான் எழுதவில்லை, மாமா. ஒவ்வொரு எண்ணையும் மும்மூன்று தடவை அளந்தேன்.

ஒரே ஒரு கேள்விதான். ஐந்து ஜாடியிலும் போட்டது ஒரே மூட்டை வேரா?

பூருல்


அத்-பாஷி
2 அக்டோபர் 2017

மருமகளே,

அல்மாத்திக்காரனுக்கு அரைக்கத் தெரியாது. இதில் ஆராய என்ன இருக்கிறது? அவன் ஊர் மின்சாரம் வேறு. தண்ணீர் வேறு. அங்கே ஆப்பிள் மட்டும்தான் உருப்படியாக வரும். பொன்வேரின் முகத்தைக்கூட அவன் பார்த்திருக்க மாட்டான், மூட்டையாகத்தான் பார்த்திருப்பான். வெட்டின உடனே ரோஜா வாசனை எழும்பி, ஏழு பள்ளத்தாக்குத் தேனீக்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்குமே, அதை அவன் கண்டானா?

உருளை சூடாகுமாம். என் உருளைமேல் கை வைத்தால் உன் மாமியின் பார்வையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். (இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதியது தப்பாகிவிட்டது. "ஏன், அன்னைக்கு அதுமேல கெட்டிலை வச்சு டீ போட்டீங்களே, அது எந்தக் குளிர்ச்சி?" என்கிறாள்.)

எண்கள் அழகாக இருந்தால் அது குற்றமா? உன்னிடம் உள்ள அழகு உன் அம்மா வழியில், அதாவது எங்கள் வழியில் வந்தது என்று அந்த ரைசாவிடம் சொல்.

எவன் எப்படி அரைத்தாலும் அந்த ஐந்தாவது ஜாடிக்கு நான் செய்த மரியாதையை அல்மாத்தி முழுக்கச் சேர்ந்தாலும் செய்ய முடியாது. அது மட்டும் நிச்சயம்.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. குதிரைகள் மேய்ச்சலிலிருந்து இறங்கிவிட்டன. வேன்காரன் சமாத்திடம் உனக்கு மாமி எண்ணெயில் பொரித்த போர்சோக் ஒரு பை கொடுத்தனுப்புகிறேன். வழியில் அவன் பாதி தின்றுவிடுவான், மீதி உனக்கு.

கெரிம்குல்


பிஷ்கெக்
7 அக்டோபர் 2017

மாமா,

போர்சோக் வந்தது. சமாத் பாதிக்கு மேலேயே தின்றிருந்தார். "உங்க மாமாதான் தின்னச் சொன்னாரு" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய ஒரு சொல்லை விட்டு என்னால் நகர முடியவில்லை. மரியாதை. ஒரு ஜாடிக்கு என்ன மரியாதை, மாமா? அரைக்கிற நேரத்தைத் தவிர ஐந்துக்கும் நடுவில் வேறு எந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது என்று உங்களுக்குப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை என்ன செய்தீர்கள்?

26ஆம் தேதி, வியாழக்கிழமை, இதை விசாரிக்கக் குழு கூடுகிறது. எண்களை நான் இட்டுக்கட்டினேன் என்று முடிவானால் பட்டமும் போகும், வேலையும் போகும், இனி எந்த ஆய்வகமும் என்னை உள்ளே விடாது. பொடி தயாரித்ததில் எனக்குத் தெரியாமல் தவறு நடந்தது என்று தெரிந்தால், பட்டத்தை நிறுத்தி வைப்பார்கள், திரும்பச் செய்ய விடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது நீங்கள் எழுதாத பதில்தான்.

நான் கோபமாக இல்லை. கோபம் வருவதற்கு முன் எழுதிவிடுங்கள்.

பூருல்


அத்-பாஷி
14 அக்டோபர் 2017

பூருல்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை கிழித்தேன். உன் மாமி அவற்றைப் பொறுக்கி அடுப்பு பற்றவைக்கிறாள். "இந்த வருஷம் விறகு மிச்சம்" என்கிறாள்.

உன் தாளைப் படித்தேன். நீ ஐந்தாவது ஜாடியைப் பற்றி எழுதும்போது மட்டும் அடியில் கோடு போட்டிருந்தாய்: "என் ஆராய்ச்சிக்கு இதுதான் முக்கியம்." ஐந்து ஜாடிகளையும் கழுவித் துடைத்து, விருந்து பரிமாறுகிற விரிப்பின்மேல் வரிசையாக வைத்தேன். வைத்த மாத்திரத்தில் அவை விருந்தாளிகளாகிவிட்டன, மருமகளே. நான் என்ன செய்ய? ஐம்பது வருஷமாக அந்த விரிப்பின் முன்னால் உட்கார்ந்து இறைச்சி பங்கிட்டவன் நான்.

ஆடு அறுத்தால் எல்லோருக்கும் ஒரே எலும்பையா போடுகிறோம்? வாசலுக்கு எதிரே தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கு இடுப்பெலும்பு. அவருக்கு அடுத்தவருக்குத் தொடையெலும்பு. அப்படியே இறங்கி, வாசலோரம் இருப்பவருக்குக் கழுத்தும் விலாவும். மாற்றிப் போட்டால் எழுந்து போய்விடுவார்கள். உன் ஐந்தாவது ஜாடி தலைமாட்டில் இருந்தது. அதற்கு, பனிக்கட்டி உருகி ஓடுகிற ஓடைக்கரையில் நானே தோண்டிய வேர்களைப் போட்டேன், ஒவ்வொன்றும் மணிக்கட்டுப் பருமன். நாலாவதற்கு அதே சரிவின் அடிவாரத்து வேர். மூன்றாவதும் இரண்டாவதும் சந்தையில் வாங்கியவை. முதல் ஜாடி கொரகொரப்பு, வாசலோரத்து ஆள். அதற்கு மூன்று வருஷமாகக் கொட்டகையில் கிடந்த பழைய வேர், எலி நக்கினது.

ஏமாற்ற நினைக்கவில்லை. எல்லா ஜாடிக்கும் ஒரே வேரைப் போட்டிருந்தால்தான் எனக்கு உறுத்தியிருக்கும். உன் முக்கியமான ஜாடியை அவமதித்ததாகத் தோன்றியிருக்கும்.

குழுவுக்குக் கொடுக்கத் தனித்தாளில் வாக்குமூலம் வைத்திருக்கிறேன். முதல் வரியை இங்கேயும் எழுதுகிறேன், உனக்குப் பெருமையாக இருக்கும்: "ஏழு மலைக்கு அதிபதியும், கழுகுகளின் ஆலோசகரும், மூன்று கான்களின் ரத்தத்தைத் தன் நாளங்களில் சுமப்பவனுமாகிய கெரிம்குல் ஆகிய நான், என் பிழையைக் காற்றுக்கும் கல்லுக்கும் பேராசிரியர்களுக்கும் அறிவிக்கிறேன்..." இப்படி ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தில் வேர் விஷயம் வருகிறது.

உன் மாமா


பிஷ்கெக்
18 அக்டோபர் 2017

மாமா,

உங்கள் கடிதத்தை ஒரு மூச்சில் படித்தேன். ஒரு வருஷம். ஒரு வருஷமாக நான் அளந்தது தூளின் அளவை இல்லை. அத்-பாஷியில் யாருக்கு எந்த எலும்பு என்பதைத்தான் ஊதாக் கரைசலில் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

வாக்குமூலத்தை ரைசா பாவ்லோவ்னாவிடம் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு. ஆறாம் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "விஷயம் உண்மைம்மா, புரியுது. ஆனா இதைக் குழுவுல எப்படி வாசிக்கிறது? மூணாவது வரியிலேயே கூத்தாயிடும். கழுகுக்கு ஆலோசகர் சொன்னதை எவன் சாட்சின்னு எடுத்துக்குவான்?"

அதற்குள் யாரோ நகல் எடுத்துவிட்டார்கள். கண்ணாடிக் குடுவை கழுவுகிற இடத்தில்கூட வாசித்துக் காட்டுகிறார்கள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுகிறார்கள்.

உங்களிடம் இரண்டில் ஒன்று கேட்கிறேன். மூன்று வரி எழுதுங்கள், அதில் மலையும் கழுகும் வேண்டாம். இன்ன ஜாடிக்கு இன்ன வேர், பூருலுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இல்லையென்றால் நேரில் வாருங்கள். வியாழன் காலை பத்து மணி. ஒரு நிமிஷம் நின்று சொன்னால் போதும். உங்கள் முகத்தைப் பார்த்தால் நம்புவார்கள். நான் நம்புகிறேனே.

போன வாரம் உங்கள்மேல் கோபம் வந்தது. சொல்லாமல் இருக்க முடியவில்லை. போய்விட்டதா என்று தெரியவில்லை. வந்தால் தெரிந்துவிடும்.

பூருல்


பிஷ்கெக்
27 அக்டோபர் 2017

மாமா,

தாளும் வரவில்லை, நீங்களும் வரவில்லை.

பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். பத்தரை வரை கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்க்கவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். குழுத் தலைவர் என் ஆய்வேட்டைப் பிரித்து, "மூலப்பொருள் முழுவதும் ஒரே தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. அரைக்கும்போது நீங்க அங்க இருந்தீங்களா?" என்றார்.

"இல்லை."

"அரைச்சவரைக் கேட்டீங்களா?"

"இல்லை."

"பிறகு எப்படி எழுதினீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது, மாமா. நீங்கள் எனக்குச் சொன்ன பொய் எத்தனையோ. ஆனால் அந்த ஐந்து ஜாடியிலும் போட்ட வேரைப் பற்றி நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அப்போது நான் கேட்கவே இல்லையே. அச்சில் ஏறிய பொய் ஒன்றே ஒன்று. அதை எழுதியது நான்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "மாமா ஒருத்தர் இருக்காராமே, மலைக்கெல்லாம் ராஜான்னு! கூப்பிடுங்களேன்" என்றார். சிரித்தார்கள். ரைசா பாவ்லோவ்னா மேஜையைத் தட்டினார்.

தீர்ப்பில் நான் இட்டுக்கட்டினேன் என்று எழுதவில்லை. இட்டுக்கட்டவில்லை என்றும் எழுதவில்லை. "நம்பத்தகுந்த சாட்சி இல்லாததால் பட்டம் ரத்து." விரும்பினால் முதலிலிருந்து தொடங்கலாம் என்றார்கள். தொடங்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. மாதக் கடைசியோடு ஆய்வகத்திலிருந்து விலகுகிறேன். காரா-பால்தாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வெளியே வரும்போது வாசல் காவலாளி சொன்னார்: "வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் ரெண்டு மணி நேரமா கேட்டுப் பக்கத்துலயே நின்னாரும்மா. உள்ள வாங்க ஐயான்னேன். இல்ல, பஸ்ஸுக்கு நிக்கிறேன்னாரு. இங்க எந்த பஸ்ஸும் நிக்காதுன்னேன். பரவாயில்ல, நான் நிக்கிறேன்னாரு."

அது நீங்களா?

பூருல்


அத்-பாஷி
3 நவம்பர் 2017

மருமகளே,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். புதன்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். டோலோன் கணவாயில் பனி நிலாவின் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சமாத்தின் வேன் சிக்கிக்கொண்டது. நான் இறங்கி அதைத் தோளில் தூக்கிக்கொண்டேன், பயணிகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் விழிக்கவில்லை. ஏழு ஓநாய்கள் வழிமறித்தன. விஷயத்தைச் சொன்னேன். மூத்த ஓநாய் கண்கலங்கி, "தாய்மாமன் கடமை பெரிசுய்யா, போங்க" என்று ஒதுங்கி நின்றது.

பிஷ்கெக் வந்து உங்கள் வாசலில் நின்றேன். காவலாளி சல்யூட் அடித்தான். உள்ளே நுழைந்தேன். பன்னிரண்டு பேராசிரியர்களும் எழுந்து நின்றார்கள். தலைவர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு வாசலோரம் போய் உட்கார்ந்தார். நான் மூன்றே வரி பேசினேன். மலை என்ற சொல்லே வரவில்லை. கழுகு வரவில்லை. பேசி முடித்ததும் பின்வரிசைக்காரன் எழுந்து வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டான். உன் பட்டத்தை உன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், போனில் சிரிப்பாயே, அந்த மாதிரி.

இதுவரைக்கும் உன் மாமியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைக்காவது நெசத்தைச் சொல்லிடுங்க" என்றாள். என் கதைக்கு அவள் திட்டாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். உள்பையில் மூன்று வரித் தாள் இருந்தது. ஐந்து நாள் உட்கார்ந்து எழுதியது. மூன்று வரி எழுத ஐந்து நாள் ஆகும் என்று எனக்குத் தெரியாது. வேனில் கொடுத்தனுப்பியிருக்கலாம். நானே கையில் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொண்டேன், அங்கேயும் எனக்கு ஒரு பகட்டு. பத்து ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பேர் சிகரெட் பிடிக்க வெளியே வந்தார்கள். ஒருவன் கையை உயர்த்தி, நெஞ்சை நிமிர்த்தி, "ஏழு மலைக்கு அதிபதியும்" என்று ஆரம்பித்தான். மற்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். நன்றாகத்தான் சொன்னான், நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினான். "பாவம் அந்தப் பொண்ணு, இந்த ஆளை நம்பி ஆராய்ச்சி பண்ணியிருக்கு" என்றான். இரண்டு பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

அப்படியொரு சிரிப்புக்காகத்தான் வாழ்நாளெல்லாம் வாயைத் திறந்தேன், பூருல். அன்றைக்கு அது உன் தலைமேல் விழுவதைப் பார்த்தேன். நான் இந்தத் தொப்பியோடு உள்ளே வந்தால் நீ ஒரேயடியாகக் கேலிப்பொருளாகிவிடுவாய் என்று நினைத்தேன். அது உன்மேல் இருந்த அக்கறையா, என் பயமா என்று இந்த எட்டு நாளாகப் பிரித்துப் பார்க்கிறேன், பிரிய மாட்டேன் என்கிறது. ஒரு நிமிஷம் பொறு, இன்னும் ஒரு நிமிஷம் பொறு என்று நிற்க நிற்கப் பன்னிரண்டு மணியாகிவிட்டது. நீ வெளியே வரப்போகிறாய் என்று தெரிந்ததும் போய்விட்டேன்.

மூன்று வரித் தாளை இதோடு வைத்திருக்கிறேன். இனிமேல் அதனால் பயன் இல்லை. உன்னிடம் இருக்கட்டும்.

ஓநாய் பொய். வேனைத் தூக்கியது பொய். பேராசிரியர்கள் எழுந்தது, நான் பேசியது, நீ சிரித்தது எல்லாம் பொய். வாசல் வரைக்கும் வந்தது மட்டும் உண்மை.

கெரிம்குல்